ஆம்ப் (கித்தார் ஒலிபெருக்கி) வாங்கலாமா, வேண்டாமா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. வீட்டிலேயே ஹெவி மெட்டல் கித்தார் பதிவு செய்வதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணே, எங்களுடையது தாமானில் தெரஸ் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கிறது. டிராப் சி டியூனிங்கில் (வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதியில்) மெட்டல் வாசிக்கிறேன். நாலு பாட்டைப் பதிவு செய்து வெளியிட ஆசை. நண்பர் 100 வாட் டியூப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, வெற்றிடக் குழாய் ஆம்ப்), 4×12 கேபினட் (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி) இரண்டையும் சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்கிறார். கடைக்காரர் போஸ் கட்டானா 50 போதும் என்கிறார். வகுப்புத் தோழனோ, ஆம்பே வேண்டாம், மடிக்கணினியில் பிளக்இன் (ஆம்ப் போல ஒலிக்கும் மென்பொருள்) போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பதிவு மட்டும்தான் நோக்கம் என்றால் தோழன் சொல்வதைக் கேளுங்கள், தம்பி. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த 4×12 மனத்தை விட்டுப் போகாது.

முதலில் வாட் கணக்கு. 100 வாட் ஆம்பை 10 வாட்டாகக் குறைத்தால் சத்தம் பத்தில் ஒன்றாகக் குறையாது. காதுக்கு ஏறக்குறைய பாதியாகத்தான் கேட்கும். கித்தாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை கத்தும். புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியவர் காதில் விழுகிற சத்தம் அது. ஆக, 100 வாட்டுக்குப் பதில் 20 வாட் ஹெட் வாங்கினாலும் அந்தக் குழந்தை தூங்காது.

மெட்டல் வாசிப்பவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பழைய ராக் ஒலிக்கு ஆம்பின் பவர் பகுதியே திணறும் அளவுக்குச் சத்தத்தை ஏற்ற வேண்டும். 1992-இல் வந்த பீவி 5150, அதே காலத்து மேசா பூகி டூயல் ரெக்டிஃபயர் போன்றவற்றில் டிஸ்டார்ஷனின் (கரகரப்பான ஒலியின்) பெரும்பகுதி பவர் பகுதிக்கு முன்னுள்ள பிரீஆம்பிலேயே பிறந்துவிடுகிறது. அதனால் சத்தம் குறைவாக இருந்தாலும், சத்தமே இல்லாமல் கணினிக்குள் நடந்தாலும் அந்த ஒலியின் அடிப்படை குலைவதில்லை.

நண்பரின் டியூப் ஹெட்டை வாங்கியே தீருவேன் என்றால் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதில் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். டூ நோட்ஸ் கேப்டர் அப்படிப்பட்ட ஒன்று. பெட்டியின் ஓம் அளவும் ஹெட்டின் பின்பக்கம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஓம் அளவும் ஒன்றாக இருக்கட்டும். பெட்டி எத்தனை வாட் தாங்கும் என்பதையும் பாருங்கள். ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ மாட்டாமல் டியூப் ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி அது எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் துளையிலிருந்து நேரே இன்டர்ஃபேஸுக்கு (கித்தாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டிக்கு) வயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட். இன்டர்ஃபேஸ் எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட். பிறகு புது இன்டர்ஃபேஸ்தான்.

கட்டானா நல்ல ஆம்ப். 50, 25, 0.5 வாட் என்று மாற்றும் திருகும் இருக்கிறது, யூஎஸ்பி வழியாக நேரே பதிவும் ஆகும். விண்டோஸ் என்றால் போஸ் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: யூஎஸ்பியில் பதியும்போது அதன் 12 அங்குல ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் பதிவுக்குள் வருவதே இல்லை. காசில் ஒரு பங்கு போவதோ அவற்றுக்கு. நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கவும் வேண்டும் என்றால் வாங்குங்கள். பதிவுக்கு மட்டும் என்றால் அது வீண் செலவு.

முதலில் வாங்க வேண்டியது ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி202எச்டி வகையில் ஓர் இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், புதுக் கம்பி செட். டிராப் சி-க்கு 10–46 தடிமன் கம்பி தொளதொளக்கும். 11–56 அல்லது 12–60 போட்டு இன்டொனேஷனை (ஒவ்வொரு கட்டத்திலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதை) சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் கித்தாரைச் செருக வேண்டாம், கூர்மை எல்லாம் செத்துவிடும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்தி, இருப்பதிலேயே பலமான பாம் மியூட்டை (உள்ளங்கையால் கம்பியை அமுக்கியபடி வாசிப்பது) அடித்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) வையுங்கள். பதிவு மென்பொருளில் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் விண்டோஸ் டிரைவர்), 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் 128 என்று வையுங்கள். அதில் உள்ளே போகும் தாமதம் 2.7 மில்லி வினாடி, வெளியே வரும்போதும் அவ்வளவே. டிரைவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். படபடவென்று வெடித்தால் 256 ஆக்குங்கள்.

பிளக்இன்னுக்குக் காசே வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம்; இக்னைட் ஆம்ப்ஸின் எமிசரியும், கேபினட் ஒலி ஏற்றும் நாட்ஐஆரும் இலவசம். வரிசை இது: நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ், ஆம்ப், கேபினட் ஐஆர் (கேபினட்டின் ஒலியைப் பதிந்து வைத்த கோப்பு). ஓவர்டிரைவில் டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். இங்கே அது டிஸ்டார்ஷனுக்காக இல்லை; ஆம்புக்குள் போகும் முன்பே கீழ் ஒலியை வடிகட்டுவதற்காக. அது இல்லாவிட்டால் டிராப் சி-யின் 65 ஹெர்ட்ஸ் சுருதி டிஸ்டார்ஷனில் குழைந்து சேறாகும். ஆம்பின் கெயின் 5, 6 போதும்.

ஐஆர் போடாமல் கேட்டுவிட்டு, பிளக்இன் என்றாலே குப்பை என்று ஒதுங்கியவர்கள் நிறைய. கேபினட் இல்லாத ஹை கெயின் ஆம்ப் வெறும் இரைச்சல்தான். அதேபோல் நியூரல் ஆம்ப் மாடலரில் ஏற்றும் சில கோப்புகளில் கேபினட் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன்மேல் இன்னொரு ஐஆர் போட்டால் ஒலி மந்தமாகிவிடும். கோப்பின் விவரத்தைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஆம்ப் ஒப்பீடு பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது. ஈப்போ கடையில் வாசித்தபோது பிடித்தது, வீட்டில் பதிவு செய்தால் காதைக் கிழிக்கிறது. எப்படித்தான் ஒப்பிடுவது?

பதில்: கடையில் ஆம்ப் தரையில் இருந்திருக்கும், நீங்கள் நின்றுகொண்டு வாசித்திருப்பீர்கள். ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்க்கோட்டில் பாய்ந்து உங்கள் முழங்காலுக்குப் போய்விட்டது. காதுக்கு அது குறைவாகத் தெரிய, டிரெபிளை ஏற்றியிருப்பீர்கள். ஒரு அங்குலத்தில் வைத்த மைக் அந்தக் கூர்மை முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை ஆம்பை ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லி, ஸ்பீக்கர் உயரத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள். சொந்தக் கித்தாரையும் சொந்தக் கேபிளையும் கொண்டு போங்கள். கடைக் கித்தாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) வேறு.

வீட்டில் ஒப்பிட ஒரே முறைதான் நியாயமானது. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) ஒன்றை ஆம்ப் இல்லாமல் இன்டர்ஃபேஸில் நேரடியாகப் பதிந்துகொள்ளுங்கள். அதே பதிவை ஒவ்வொரு ஆம்ப் பிளக்இன்னுக்குள்ளும் அனுப்புங்கள். ஐஆர் எல்லாவற்றுக்கும் ஒன்றே. உண்மையான ஆம்ப் என்றால் ரீஆம்ப் பாக்ஸ் (கணினியின் ஒலியை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக அனுப்புங்கள். பிறகு சத்த அளவைச் சமமாக்குங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதை ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘ஒலி நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அளவைச் சமப்படுத்தாத ஒப்பீட்டில் ஜெயிப்பது சத்தமாக ஒலித்த ஆம்ப், அவ்வளவே.

கடைசியாக, டிரம்ஸும் பேஸும் ஓடும்போது கேளுங்கள். தனியாகக் கேட்கையில் மிட் குறைத்து, பேஸும் டிரெபிளும் ஏற்றிய ஒலி பிரமாதமாக இருக்கும். குறைந்த சத்தத்தில் காதுக்கே கீழும் மேலும் சரியாகக் கேட்காது, அதனால்தான் கை அந்தத் திருகுகளுக்குப் போகிறது. பாட்டோடு சேர்த்தால் கித்தாரையே காணோம். பேஸ் 4, மிட் 6, டிரெபிள் 5 என்று தொடங்குங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போலிருக்கும், இருக்கட்டும். மிக்ஸில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். அடிக்கனம் பேஸ் கித்தாரின் வேலை.

கேள்வி: டியூப் இல்லாத ஆம்பில் மெட்டல் வராது என்கிறார்களே?

பதில்: பன்டேரா மெட்டல் குழுவின் டைம்பேக் டேரல் வாசித்தது ரேண்டல் சாலிட் ஸ்டேட் (டியூப் இல்லாத) ஆம்பில். அவர் ஒலியில் குறை கண்டவர் உண்டா?

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே ஆம்ப் இருக்கிறது, ஷூர் எஸ்எம்57 மைக்கும் வாங்கிவிட்டேன். தோட்டத்து வீடு, சிங்க் (தகர) கூரை. பதிவு செய்தால் இரைச்சலாக வருகிறது. முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: முட்டை அட்டை கரப்பானுக்குத்தான் பயன்படும். சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், அட்டையில் அது இல்லை. ஆம்பை நாற்காலி மேல் ஏற்றி, அறையின் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். பின்சுவரில் தடித்த போர்வை தொங்கவிட்டால் எதிரொலி ஓரளவு குறையும்.

மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து 2.5 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். துணி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் உருண்டையான மூடி தெரியும். அந்த மூடி கோனோடு சேரும் விளிம்புதான் தொடங்க வேண்டிய இடம். நடுவுக்குப் போகப் போகக் கூர்மை, வெளியே வர வர மந்தம். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஆம்பின் திருகைத் திருப்பியதைவிட அதிகம் மாறும். ஆகவே ஈக்யூவை (பேஸ், மிட், டிரெபிள் அளவுகளை) தொடும் முன் மைக்கை நகர்த்துங்கள். எஸ்எம்57-க்கு 48 வோல்ட் ஃபேண்டம் (இன்டர்ஃபேஸ் மைக்குக்குத் தரும் மின்சாரம்) தேவையில்லை.

இரைச்சலுக்கு வருவோம். ஆம்ப் பலமாக ஒலித்தால் ஒரு அங்குலத்திலுள்ள மைக்கில் மழை எடுபடாது. அரை வாட்டில் வாசித்தால் மின்விசிறி, சிங்க் கூரை மழை, ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி எல்லாமே உள்ளே வரும். மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான். காலையில் பதியுங்கள், அந்த நேரத்துக்கு விசிறியை நிறுத்திவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் நேரடிப் பதிவை மட்டும் எடுத்து வைத்து, வெயில் வந்ததும் ஆம்புக்குள் அனுப்பிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகன் மின்கித்தார் வாசிக்கும்போது கம்பியில் சுருக்கென்று கரண்ட் அடிக்கிறது என்கிறான். ஆம்பில் ‘ம்ம்’ என்று சத்தம் வருகிறதென்று பிளக்கை மாற்றினானாம், அதற்குப் பிறகுதான் இப்படி. பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கை எடுத்துவிட்டு இரண்டு முள் அடாப்டர் போட்டிருப்பான். ‘ம்ம்’ சத்தம் குறையும், எர்த்தும் போய்விடும். கித்தார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் இரும்புக் கூட்டோடு இணைந்தவை. உள்ளே ஏதாவது பழுதானால் வீட்டு மின்சாரம் முழுதும், 230–240 வோல்ட், அந்தக் கம்பிக்கு வரும். சிமெண்டுத் தரை, வெறுங்கால், உயிருக்கே ஆபத்து.

மூன்று முள் பிளக்கையே திரும்பப் போடுங்கள். மின்பெட்டியில் இஎல்சிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின்) ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டாலோ, மூன்று முள் போட்ட பிறகும் சுருக்கென்றாலோ, பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

‘ம்ம்’ சத்தத்துக்கு வழி வேறு. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். இல்லையென்றால் குழல் விளக்கை அணைத்து, கித்தாரோடு மெல்லத் திரும்பிப் பார்க்கட்டும். ஒரு திசையில் சத்தம் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் இழுக்கும் இரைச்சல். இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் போட்டால் போய்விடும். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

கேள்வி: ஒரு கித்தார் டிராக்கைக் காப்பி எடுத்து இடமும் வலமும் வைத்தேன். ஒலி அகலமாகவில்லையே?

பதில்: ஆகாது. இரண்டும் ஒன்றேதான் என்பதால் நடுவிலேயே நிற்கும், கொஞ்சம் சத்தமாக. அதே ரிஃபை இரண்டாம் முறை புதிதாக வாசித்து, ஒன்றை முழு இடம், மற்றதை முழு வலம் வையுங்கள். கை ஒவ்வொரு முறையும் நூலளவு மாறும். அகலம் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு டிராக் சேரும்போது டிஸ்டார்ஷனும் சேரும் என்பதால் ஒவ்வொன்றிலும் கெயினை ஒன்று, ஒன்றரை குறைத்துக்கொள்ளுங்கள். பாம் மியூட் இரு பக்கமும் ஒரே நேரத்தில் விழாவிட்டால் எந்த ஆம்பும் காப்பாற்றாது, திரும்ப வாசிக்க வேண்டியதுதான்.