கண் சிமிட்டினால் இ.இ.ஜி. கெட்டுவிடுமா?

கேள்வி: நான் உளவியல் முதுகலை மாணவி. கவனம் பற்றிய ஓர் ஆய்வுக்காக என் தலையில் மின்முனைகள் பொருத்தி, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள். "சிமிட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னால் அடக்க முடியவில்லை. திரையில் பெரிய பெரிய அலைகள் எழுந்தன. என் மூளையில் ஏதாவது கோளாறா டாக்டர்?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. சிமிட்டும்போதெல்லாம் எழுந்த அலை என்றால், அது மூளையிலிருந்து வந்ததே அல்ல. கண்ணிலிருந்து வந்தது.

கண் ஒரு குட்டி பேட்டரி. முன்னால் இருக்கும் கருவிழி, பின்னால் இருக்கும் விழித்திரையைவிட நேர்மின் பக்கம். இமை கருவிழிமேல் இறங்கும்போது அந்த மின்னழுத்தம் நெற்றிப் பக்கம் கடத்தப்படுகிறது. அதனால்தான் நெற்றி மின்முனைகளில் அலை பெரிதாகவும், பின்மண்டைக்குப் போகப் போகச் சிறிதாகவும் தெரியும். பழகிய கண்ணுக்கு இந்த அடையாளமே போதும்.

ஒரு சிமிட்டல் 100 மைக்ரோவோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஆய்வாளர்கள் தேடுவதோ பி300 போன்ற அலைகளை. நாம் தேடிக்கொண்டிருக்கும், எப்போதாவது மட்டும் வரும் படத்தைக் கண்டதும் சுமார் 300 மில்லிவினாடியில் எழும் இந்த அலை, பெரும்பாலும் சில மைக்ரோவோல்ட்தான். சிமிட்டலும் ஏறக்குறைய அதே நேரத்தில் வந்து விழுகிறது. படம் வரும்வரை நம்மை அறியாமல் இமையை நிறுத்திவைத்து, பார்த்து முடித்ததும் சிமிட்டுகிறோம். நூறு பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் சிமிட்டல் அலை கரையாமல் ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அவர்களுடைய கவலை நியாயமானது.

ஆனால், சிமிட்டவே கூடாது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நிமிடத்துக்கு 15, 20 முறை தானாக நடக்கும் ஒன்றை அடக்குவது மூளைக்குக் கூடுதல் வேலை. கவனத்தை அளக்க வந்த இடத்தில் பாதிக் கவனம் இமைக்குப் போய்விடும். அடக்கச் சொன்னால் பி300 சிறுத்துப்போவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிமிட்டலைத் தனியாகப் பிரிக்கத்தான் வழி இருக்கிறதே! கண்ணைச் சுற்றி மின்முனை வைத்துப் பதிந்து, தலைப்பதிவிலிருந்து கழிக்கும் முறையொன்றை கிராட்டன், கோல்ஸ், டோன்சின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1983-லேயே வெளியிட்டார்கள். இப்போது கலந்து கிடக்கும் அலைகளைக் கணினியே பிரித்துத் தருகிறது.

அடுத்த முறை போகும்போது கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணியுங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே சிமிட்ட இடைவெளி தரச் சொல்லி தயங்காமல் கேளுங்கள்.

சரி, வீட்டில் இருக்கும்போதும் கண் எரிகிறதா, உறுத்துகிறதா, இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்கின்றனவா? அப்படியிருந்தால் மட்டும் கண் மருத்துவரைப் பாருங்கள்.