மக்காச்சோளம் விலை ஏறிவிட்டது. கறிக்கோழித் தீவனத்தில் கம்பு, குருணை போடலாமா? எடை குறையுமா?

போடலாம். ஆனால் மூட்டை விலையை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். பல்லடம் பக்கம் கம்பெனி வளர்ப்பு இல்லாமல், சொந்தமாகத் தீவனம் அரைத்துக் கோழி வளர்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 3300 கிலோகலோரி எரிசக்தி கோழிக்குக் கிடைக்கும். கம்புக்கு 2700 என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். மக்காச்சோளம் 26 ரூபாய், கம்பு 24 ரூபாய் என்றால் கம்பு மலிவு போலத்தான் தெரியும். 1000 கிலோகலோரிக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள்: மக்காச்சோளத்தில் 7.88 ரூபாய், கம்பில் 8.89 ரூபாய்! கம்பில் புரதம் சற்றுக் கூடுதல் என்பதால் சோயா புண்ணாக்கு கொஞ்சம் மிச்சமாகும், அதையும் கழித்துவிட்டு முடிவெடுங்கள். குருணை எரிசக்தியில் மக்காச்சோளத்துக்கு நெருங்கி வரும். ஆனால் இரண்டிலுமே மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமி கிடையாது. காலும் தோலும் வெளுத்துவிடும், உங்கள் வியாபாரியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

குறையும் எரிசக்தியை எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று பலரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதில்தான் நான் ஒரு பேட்சையே கோட்டை விட்டேன். பழைய கலவையில் சோயாவைத் தொடாமல், 3 சதவீதம் தவிட்டு எண்ணெயை மட்டும் மேலே சேர்த்தேன். எரிசக்தி சீக்கிரம் நிறைந்ததால் கோழிகள் தீவனம் குறைவாக எடுத்தன. தீவனம் குறைந்தபோது புரதமும், அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்தே குறைந்தன. 35ஆம் நாள் எடை போட்டால் எதிர்பார்த்தது இல்லை. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் கொழுப்பு திரண்டு கிடந்தது. தின்றதெல்லாம் சதையாகாமல் கொழுப்பாகப் போயிருந்தது. அன்றிலிருந்து எரிசக்தியைக் கூட்டினால் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களையும் அதே விகிதத்தில் கூட்டாமல் கலவை போடுவதில்லை.

எண்ணெய் எப்போது உதவும் என்றால், கோடையில். மாவுச்சத்து செரிக்கும்போது உடலில் உண்டாகும் சூட்டைவிடக் கொழுப்பு செரிக்கும்போது உண்டாகும் சூடு குறைவு. சித்திரை வெயிலில் கோழி தீவனத்தைத் தொடாமல் நிற்கும்போது அது பெரிய வித்தியாசம். ஆனால் முதல் வாரக் குஞ்சுக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றாதீர்கள். கொழுப்பைச் செரிக்கும் பித்தநீரும் நொதியும் அதற்கு இன்னும் போதுமான அளவு சுரந்திருக்காது. அந்த வயதில் எரிசக்திக்கு நல்ல காய்ந்த மக்காச்சோளமோ குருணையோ போதும். எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் எந்த வயதுக்கும் வேண்டாம்.

அப்புறம், கம்பு சிறு தானியம். மக்காச்சோளத்துக்குப் போடும் சல்லடையில் முழுசாகவே நழுவிவிடும், சின்னக் கண் சல்லடை மாற்றி அரையுங்கள். முதல் தடவை ஷெட்டில் வலை கட்டி 100 கோழிக்கு மட்டும் புதிய கலவையை, நாலைந்து நாளில் பழையதோடு கலந்து கலந்து பழக்குங்கள். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் எடை போட்டு, தின்ற தீவனத்தையும் எழுதி வையுங்கள்.