நாலரைக்கே இருட்டுது அக்கா!

ரொறன்ரோவில் முப்பது குளிர்காலத்துக்கு மேல் கண்டவள் நான். அதில் பாதி, முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. குளிர்காலத்தில் கொஞ்சமாவது ஆறி அமர்வது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: படிக்க வந்து நாலு மாதம். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறேன். வகுப்பு, பகுதிநேர வேலை, பஸ். அமைதிக்கு நேரம் எங்கே அக்கா?

தம்பி, தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடம் ஏற்கனவே உங்களுடையதுதானே? மைனஸ் பதினைந்தில் கையுறையைக் கழற்றி போன் பார்க்க யாராலும் முடியாது. பார்க்காதீர்கள், சும்மா நில்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் இல்லாவிட்டாலும், பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நடவுங்கள். முகில் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட வகுப்பறை லைட்டைவிடப் பல மடங்கு அதிகம்.

இன்னொன்று. ஆகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அளவில். ஆனால் சூரியன் ஆக முந்தி மறைவது அன்றில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே 4:40க்குப் போய்விடும். 21 வரும்போது பின்னேரம் இரண்டு மூன்று நிமிடம் நீண்டிருக்கும். காலைதான் ஜனவரி தொடக்கம் வரை பிந்திக்கொண்டே போகும். பரீட்சைக் களைப்பில் யார் இதைக் கவனிக்கிறார்கள்!

கேள்வி: ஸ்னோ கொட்டிய இரவில் ஊரே அடங்கின மாதிரி இருக்கிறது. உண்மையா, என் பிரமையா?

உண்மைதான். புதிதாக விழுந்த ஸ்னோவில் பெரும்பகுதி காற்று. அந்த இடுக்குகளுக்குள் சத்தம் போய் அடங்கிவிடும். உருகி இறுகி ஐஸ் ஆனால் நேர்மாறு, சத்தத்தைத் திருப்பி எறியும். ஆகவே இந்த அமைதியை நாளைக்கு அனுபவிக்கலாம் என்று விடக்கூடாது.

இரவு வேலை முடிந்து வந்து காரை நிறுத்தியதும் நான் உடனே இறங்கமாட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு இருப்பேன். முதல் செதில்கள் முன்கண்ணாடியில் பட்டதும் உருகி வழியும். கண்ணாடி ஆற ஆற, வந்தது வந்தபடி ஒட்டத் தொடங்கும். கடைசியில் தெருவிளக்கு ஒரு மஞ்சள் பொட்டாகி மறைந்துபோகும். ஐந்து நிமிடம்தான், அதற்குள் கால் விறைத்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு மட்டும் இருக்காதீர்கள். புகைக்குழாயை ஸ்னோ மூடினால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும், மணமே தெரியாது. அப்புறம் ஸ்னோ தள்ளும் வண்டி வந்து, நம் வாசலில் ஒரு மதில் கட்டிவிட்டுப் போகும். அமைதியும் அதோடு சரி.

கேள்வி: இரண்டு பிள்ளைகள், மாமா, மாமி, நாள் முழுக்க டிவி. ஜன்னலும் திறக்க முடியாது. எனக்கென்று ஒரு மூலை இல்லை.

தங்கச்சி, ஸ்னோ தள்ளும் வேலையை உங்கள் கணவரிடமிருந்து பறித்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். வேலைதான், ஆனால் அந்த இருபது நிமிடமும் உங்கள் பின்னால் ஒருவரும் வரமாட்டார்கள். தூக்கி எறியாமல் தள்ளுங்கள், இடுப்புக்கு நல்லது. இதய வருத்தம் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் டவுன்டவுனில் ஆலன் கார்டன்ஸுக்குத் தனியாகப் போய் வாருங்கள். காசு இல்லை. 1910இல் கட்டிய கண்ணாடிக் கூடம் அங்கே இருக்கிறது. உள்ளே காலை வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படரும். துடைக்க முதலே ஈரமண் மணம் வந்துவிடும், மழைக்குப் பிறகு ஊர் வளவுக்குள் நுழைந்த மாதிரி. எனக்கு அதற்காகவே பஸ் செலவு தகும்.

கேள்வி: மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறேன். எல்லோரும் வேலைக்குப் போனால் ஹீற்றர் சத்தம் மட்டும்தான். எனக்கு அமைதி வேண்டாம் பிள்ளை, ஆள் வேண்டும்.

ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பகலில் மேலே வந்து ஜன்னலோரம் இருங்கள், மகனிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நூலகத்துக்குப் போங்கள், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. பேசாமல் வாசித்தாலும் பக்கத்தில் மூச்சு விடும் மனிதர் இருப்பார்கள்.

ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாட்டில் மனம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, எந்நேரமும் படுக்கை என்றால் குடும்ப டொக்டரிடம் சொல்லுங்கள். வயது போனால் இப்படித்தான் என்று விடாதீர்கள். குளிர்காலத்தோடு வந்து போகும் இந்த மனச்சோர்வை 1984இலேயே நோர்மன் ரோசென்தால் என்ற மருத்துவரின் குழு விவரித்து எழுதிவிட்டது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்குக்கு முன் இருப்பது பலருக்கு உதவுகிறது. விளக்கை நேரே பார்க்கக்கூடாது. கண் வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஊரில் திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பினோம். இங்கே மார்கழி வந்ததே தெரியவில்லை அன்ரி.

இங்கே வெளியே நின்று சங்கு ஊதினால் பொலிஸ் வரும் பிள்ளை. ஆனால் ஒரு வசதி உண்டு. இங்கே மார்கழியில் சூரியன் எழ 7:45 அளவாவது ஆகும். ஊரில் நாலரைக்கு எழும்பிப் பார்த்த அதே இருட்டை இங்கே ஆறரைக்குப் பார்க்கலாம். நான் வீட்டு லைட் ஒன்றும் போடாமல் ஒரு விளக்கேற்றி, பிளேன்ரீக்குத் தண்ணீர் கொதிக்கும் வரை மெதுவாகப் பாடுவேன். இருபது பாட்டும் இல்லை, இரண்டோ மூன்றோ.

போன வருடம் ஒருநாள் மேல்வீட்டுப் பிள்ளை படியில் மறித்து, "ஏன் அன்ரி பாட்டை நிற்பாட்டிவிட்டீர்கள்?" என்று கேட்டாள். தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.