17 வயது தம்பி பைக்கோடு பிடிபட்டான், ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா?

தக்கலையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: தம்பிக்கு 17 வயது, அப்பாவின் பைக்கில் டியூஷனுக்குப் போகும்போது பிடித்துவிட்டார்கள், ஹெல்மெட்டும் இல்லை, ஃபைனோடு முடியுமா, ஜெயில் வரை போகுமா என்று.

ஹெல்மெட் மட்டும் என்றால் 1000 ரூபாய். பைக்கில் மூன்று பேர் போனாலும் அதே 1000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் தடவை 2000, அடுத்த தடவை 4000. இதெல்லாம் இ-சலான் வந்ததும் கட்டி முடித்துவிடலாம்.

ஆனால் 18 ஆகாத பையன் ஓட்டினால் விஷயமே வேறு. 2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதன்படி கோர்ட்டில் போய் நிற்க வேண்டியது உங்கள் அப்பா. 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் ஆர்சி 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ரோட்டில் வைத்துப் பணம் கட்டி முடிக்கிற கேஸ் இல்லை இது.

என் அக்காவுக்கு நடந்ததால்தான் இவ்வளவு சொல்கிறேன். அத்தான் மஸ்கட்டில், ஸ்கூட்டர் அக்கா பெயரில். மகன் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பிடிபட்டான், அக்கா பதறிப்போய் ஓடி, "பால் வாங்கத்தான சார் நான் அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டாள். சாவியைத் தானே கொடுத்ததாக அவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பெற்றோர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரர் சம்மதத்தோடுதான் பையன் வண்டி எடுத்தான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை, எனக்குத் தெரியாமல் எடுத்தான், அல்லது நான் தடுக்க முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. அப்படி நிரூபித்தால் தப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அக்காவுக்கு அந்த வழி அன்றைக்கே போய்விட்டது.

25,000 கட்டினாள், அதோடு கோர்ட் கலையும் வரை உள்ளேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. காலையில் போனவள் சாயங்காலம் வரை பின்பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாசலில் நின்ற பையன் சாப்பிடவே வரவில்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வா மக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு." அந்தப் பிள்ளை அப்போதுதான் அழுதான்.

16 வயதில் ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். அது 50 சிசிக்குள் இருக்கும் கியர் இல்லாத வண்டிக்கு, அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு எடுத்த லைசென்ஸ் இருந்தால். நம் வீடுகளில் நிற்கிற ஸ்கூட்டர்கள் 110 சிசி.

வண்டியை நான்தான் ஓட்டினேன் என்று நீங்கள் பழியை ஏற்றுக்கொள்ளப் போகாதீர்கள், அது இன்னொரு கேஸாகும். சம்மன் வரும் முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள், சாவி எங்கே இருந்தது, யார் கையில் இருந்து போனது என்பதை உள்ளது உள்ளபடி அவரிடம் சொல்லிவிடுங்கள்.