‘மையர்’ என்ற ஜெர்மன், டச்சுக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? எல்லா மையர்களும் உறவினர்களா?

இல்லை. ஒரே ஊரில் இரண்டு மையர் குடும்பங்கள் இருந்தால்கூட ரத்த சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஏனென்றால் இது பதவிப் பெயர்.

லத்தீனில் ‘மாயோர்’ என்றால் பெரியவர். இடைக்காலத்தில் மடங்களும் பிரபுக்களும் தங்கள் நிலத்தை மேற்பார்க்கவும் குத்தகை தானியத்தை வாங்கி வைக்கவும் ஊருக்கு ஓர் ஆளை நியமித்தார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் மணியக்காரர். அவர்தான் மையர். பிறகு அந்தப் பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் அதே பெயர் நின்றது. நெதர்லாந்தின் தெற்கே ஸ்ஹெர்டோகன்பாஸ் நகரைச் சுற்றிய வட்டாரத்துக்கு இன்றும் ‘மெயரெய்’ என்றுதான் பெயர். பிரபான்ட் கோமகனின் மெயர் (மையரின் டச்சு வடிவம்) ஆண்ட பகுதி.

எழுத்தைப் பார்த்தே ஓரளவு ஊரை ஊகிக்கலாம். ரோமன் எழுத்தில் எழுதும்போது வட ஜெர்மனியில் பெயரின் நடுவில் ஈ-ஒய் அல்லது ஈ-ஐ. பவேரியா, ஆஸ்திரியா பக்கம் ஏ-ஐ, ஏ-ஒய். டச்சுக்காரர்களுக்கு ஐ-ஜே. யூதக் குடும்பங்களில் கதை வேறு: ‘ஒளி தருபவர்’ என்று பொருள்படும் ‘மெயிர்’ என்ற எபிரேயப் பெயர் இதோடு கலந்துவிட்டது. இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மெயிர் 1956 வரை மையர்சன்தான்.

நெதர்லாந்தில் இது முதல் பத்துப் பெயர்களில் ஒன்று. ஜெர்மனியில் ஒவ்வொரு எழுத்துமுறையையும் தனித்தனியாக எண்ணுவதால் ம்யுல்லர், ஷ்மிட்டுக்குப் பின்னால் நிற்கிறது. சேர்த்து எண்ணினால் முன்வரிசைக்கு வந்துவிடும்.

மூதாதையரைத் தேடுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க ஆவணத் தேடலில் பயன்படும் சவுண்டெக்ஸ் முறை, பெயரை முதல் எழுத்தும் மூன்று எண்களும் கொண்ட ஒலிக் குறியீடாக மாற்றும். அதில் ஒய் எழுத்துக்கு எண் கிடையாது. ஜே எழுத்துக்கு 2. அதனால் ஜெர்மன் மையர் எம்-600 ஆகிறார், டச்சு மெயர் எம்-260 ஆகிறார். ஒன்றைத் தேடினால் மற்றது வரவே வராது. கப்பலில் ஐ-ஜே ஆக ஏறியவர் அமெரிக்காவில் ஒய் ஆக இறங்கியிருப்பார். பழைய டச்சுக் கையெழுத்தில் ஐ-ஜே என்பது இரண்டு புள்ளி வைத்த ஒய் போலத்தான் இருக்கும். இரண்டு குறியீட்டிலும் தேடுங்கள். 1969இல் ஜெர்மன் பெயர்களுக்காக வந்த கொலோன் ஒலிப்பு முறை என்ற இன்னொரு குறியீட்டில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லா மையருக்கும் 67. ஆனால் துளியும் சம்பந்தமில்லாத ‘மோர்’ என்ற பெயரும் அதே 67இல் வந்து உட்காரும், அதைக் கையால்தான் களைய வேண்டும்.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா என்றால் இன்னும் கவனம். அங்கே பெயர் ஆளுக்கு அல்ல, பண்ணைக்கு. பண்ணை வாரிசான பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணைப் பெயரை எடுத்துக்கொள்வார். கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டு வரை இந்த வழக்கம் உண்டு. தேவாலயப் பதிவேட்டில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘கெனான்ட்’ (‘என்று அழைக்கப்படும்’) அல்லது அதன் சுருக்கமான ‘கென்.’ என்று கண்டால், முதலில் இருப்பதுதான் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயர். தந்தை வழியைத் தேட அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். பின்னால் வரும் மையர் அவர் வாழ்க்கைப்பட்ட பண்ணை.