மிளகாய் மில்லும் அமெரிக்கன் மாவும்

அன்புள்ள ஐயா,

கொட்டாஞ்சேனையில் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக மிளகாய்த்தூள், சரக்குத்தூள் வியாபாரம் செய்கிறேன். செத்தல் மிளகாயை முடிந்தவரை வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடம் எடுக்கிறேன், போதாததற்குப் புறக்கோட்டை. சிறு தொழில் செய்பவர்களுக்கு வெளிநாட்டு உதவி ஒன்று வந்திருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். என் கணவர் சிரிக்கிறார். "அந்தக் காசு ஹோட்டலுக்கும் ஜீப்புக்கும் போகும். உனக்கு ஒரு ரீ-சேர்ட்டும் தொப்பியும் மிஞ்சும்" என்கிறார். அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பது அவருடைய வாதம். நீங்கள் இந்த நிறுவனங்களுக்கு மொழிபெயர்த்தவர். உண்மையில் அந்தக் காசு கடைக்காரருக்கும் விவசாயிக்கும் வந்து சேர்கிறதா?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதிக்கு நானே சாட்சி. 'பயனாளி' என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது. பயன் கிடைத்ததா என்று பார்ப்பதற்கு முன்பே ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். உதவிக் காசு இறங்கியதும் முதலில் கை நனைப்பது கொழும்புதான். மண்டப வாடகை, அலுவலக வாடகை, சாரதி, கணக்காளர், அப்புறம் என்னைப் போன்றவர்கள். வெள்ளவத்தையில் நான் கொடுத்த வீட்டு வாடகையில் எங்கோ ஒரு நோர்வேக்காரரின் வரிப்பணமும் இருந்திருக்கும். அதையும் உள்ளூர் வியாபாரத்துக்கு உதவி என்று கணக்குக் காட்டலாம். ஆனால் நீங்கள் கேட்டது அதையல்ல.

ஒரு தடவை வன்னியில் ஒரு பெண்கள் சங்கத்துக்கு அரைக்கும் மில் கொடுத்தார்கள். கையேட்டை மொழிபெயர்த்தவன் என்பதால் திறப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். நல்ல மெஷின். மூன்று பேஸ் கரண்டில் ஓடுவது. அந்த ஊருக்கு வந்திருந்தது ஒற்றைப் பேஸ். நாடா வெட்டி, படம் எடுத்து, எல்லோரும் வடையும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஒரு வருடம் கழித்துப் போனபோது மில்லின் மேல் ஒரு பாய் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்கள் யாரையும் குறை சொல்லவில்லை. "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் ஒருவர், அவ்வளவுதான்.

உதவி எந்த விவசாயிக்கு என்ற கேள்விக்கு என் வீட்டு அடுக்களையிலேயே ஒரு பதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்வார். அவித்து அரித்துப் புட்டுக்கு எடுப்பார். அந்தப் பெயருக்குள் என்ன இருந்தது என்பது பிறகு 1954ஆம் ஆண்டின் பி.எல். 480 சட்டத்தைப் பற்றி வாசித்தபோதுதான் பிடிபட்டது. அமெரிக்க விவசாயிகளிடம் தேங்கிக் கிடந்த கோதுமையை நீண்டகாலக் கடனாகவும் நன்கொடையாகவும் வெளிநாடுகளுக்குத் தள்ளிவிட வழி செய்த சட்டம் அது. இலங்கைக்கும் அந்த வழியால் மா வந்தது. பசி தீர்ந்தது, அதை மறுக்க மாட்டேன். பேக்கரிகள் பிழைத்தன. இன்று இந்த நகரத்தில் இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டித் தகடு தட்டும் கடைக்காரருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் குரக்கனும் சாமையும் விதைத்தவர்? மலிவாக வந்த மாவோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்? அரசாங்கம் மாவுக்குக் கொடுத்த மானியமும் சேர்ந்துகொண்டது, பழியை அமெரிக்காவின் தலையில் மட்டும் போட முடியாது. என்றாலும் ஒரே உதவி கொழும்பில் ஒரு தொழிலை வளர்த்து வறண்ட காணியில் இன்னொன்றை மெலிய வைத்தது. மெலிந்தவரின் பெயர் எந்த அறிக்கையிலும் 'பயனாளி' என்று வராது.

பெரிய அணைகளிலும் இப்படித்தான். துரித மகாவலித் திட்டத்தில் விக்டோரியாவுக்குப் பிரித்தானியா காசு கொடுத்தது, பிரித்தானியக் கம்பெனிகள் கட்டின. கொத்மலைக்குச் சுவீடன் கொடுத்தது, சுவீடன் கம்பெனி கட்டியது. மின்சாரம் நமக்கு வந்தது உண்மை. கொடுத்த காசின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போனதும் உண்மை. அந்தத் தண்ணீரை நம்பி யார் யாரை எங்கே குடியேற்றினார்கள் என்பது வேறு கதை, அதைத் தொடங்கினால் உங்கள் மிளகாய் மறந்துபோகும்.

சரி, உங்கள் கணவரோடு நான் உடன்படாத பாதிக்கு வருகிறேன்.

போருக்குப் பிறகு இந்தியா 50,000 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னது. முதலில் ஒப்பந்தக்காரரை வைத்து ஆயிரம் வீடுகள் கட்டினார்கள். 2012 அக்டோபரிலிருந்து வடக்கு கிழக்கில் முறையை மாற்றி, காசைக் கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். புதிய வீடு ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். தச்சனை யார் பிடிப்பது, சீமெந்து எந்தக் கடையில் எடுப்பது, யன்னல் எந்தப் பக்கம் வைப்பது எல்லாம் அவரவர் முடிவு. அந்த வருடங்களில் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வீதியோரத்தில் வரிசையாகச் சீமெந்துக் கல் அரியும் இடங்கள், ஹார்ட்வெயர் கடைகள், லேண்ட்மாஸ்டரில் மணல் ஏற்றும் பெடியன்கள். மேசன் வேலை தெரிந்தவருக்கு ஓய்வில்லை. ஒரே காசு வீட்டுக்காரரிடமிருந்து கடைக்காரருக்கும், அவரிடமிருந்து கூலிக்காரருக்கும், அங்கிருந்து சாப்பாட்டுக் கடைக்கும் என்று நாலைந்து கை மாறிய பிறகுதான் ஊரை விட்டு வெளியேறியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதால் மணல் விலையும் கூலியும் ஏறின. ஐந்தரை இலட்சம் பலருக்குப் போதவில்லை, நகையை அடகு வைத்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் எழுதியவன் ஆவேன். ஆனாலும் உதவி என்றால் எனக்கு அந்த ஹார்ட்வெயர் கடைகள்தான் ஞாபகம் வருகின்றன. அவற்றுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை நடத்தவில்லை. வாங்குவதற்கு ஆட்கள் கையில் காசோடு வந்தார்கள், கடை வளர்ந்தது.

உங்கள் தெருவில் ஒன்றும் ஆகவில்லை என்கிறாரே, அதற்கும் பதில் உண்டு. 2021இல் இரசாயனப் பசளைக்கு ஒரே இரவில் தடை போட்டு நெல் விளைச்சலை விழுத்தினோம். 2023இல் அமெரிக்கக் காசில் 36,000 டன் டி.எஸ்.பி. என்ற பொஸ்பேற்றுப் பசளை கப்பலில் வந்தது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பான எப்.ஏ.ஓ. ஊடாக, கமநல சேவை நிலையங்களில் நெல் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நாமே வெட்டிக்கொண்ட காலுக்கு வேறொருவர் கட்டுப் போட்டார். உங்கள் கணவர் அதற்குப் பிறகு சாப்பிட்ட சோற்றில் அந்தப் பசளையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதே அமெரிக்கா 2025 ஜனவரியில் உதவியை இடைநிறுத்தியது, ஜூலை முதலாம் திகதியோடு யுஎஸ்எயிட் என்ற அதன் உதவி அமைப்பே முடிந்தது. தெருவில் சத்தம் கேட்காதது சரிதான். இங்கே அலுவலகங்களில் ஆட்கள் ஒரே வாரத்தில் மேசையைக் காலி செய்தார்கள். என் கணினியிலும் ஒரு கையேடு பாதி மொழிபெயர்ப்பில் நிற்கிறது.

இனி உங்கள் விண்ணப்பம். போடுங்கள். ஆனால் மில் கேட்காதீர்கள். மெஷின் கொடுக்கத்தான் அவர்களுக்கும் ஆசை இருக்கும், அது படத்தில் நன்றாக விழும். கொட்டாஞ்சேனையில் கூலிக்கு அரைத்துக் கொடுக்க மில்லுக்கா பஞ்சம்? சூப்பர்மார்க்கெட்டில் உங்கள் பைக்கெட்டை வைக்க விடாமல் தடுப்பது எது என்று யோசியுங்கள். என் ஊகம், ஆய்வுகூடப் பரிசோதனை, லேபல், பார்கோட். மிளகாய் ஈரத்தோடு கட்டிக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். உங்களுக்கு மிளகாய் தரும் விவசாயி தரையில் காய விடுகிறார் என்றால், அவருக்கு உயரமான காயவைக்கும் தட்டுகளும் ஒரு தார்ப்பாயும் கேளுங்கள். அவருடைய முற்றத்துக்கு வந்த உதவி உங்கள் பைக்கெட்டில் தெரியும். காய்ந்ததை இன்ன விலைக்கு எடுப்பேன் என்று நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

உங்கள் பங்குக்கும் கொஞ்சம் போடச் சொல்வார்கள். அதற்காக நுண்கடன் கம்பெனிப் பக்கம் போய்விடாதீர்கள். அந்தக் கடனில் மூழ்கிய பெண்களுக்காக 2018இல் அரசாங்கமே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

ரீ-சேர்ட் கொடுத்தால் வாங்கி வையுங்கள். பெரிய சைஸாகக் கேளுங்கள், கணவருக்கு ஆகும்.