பிழை பிலிமிலா, ஸ்கானரிலா? நெகற்றிவைப் பார்த்துச் சொல்லலாம்

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வெளிநாடு போன சித்தப்பா விட்டுச்சென்ற, எழுபதுகளைச் சேர்ந்த 35 மில்லிமீற்றர் கமரா ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, கொடாக் கோல்ட் 200 சுருள் ஒன்றைப் போட்டு, நல்லூர்த் தேரன்று பாதியும் பிறகு நெடுந்தீவில் மீதியுமாக எடுத்து முடித்திருக்கிறார். கொழும்பில் கழுவி ஸ்கான் செய்த படங்கள் மின்னஞ்சலில் வந்தபோது, கோயில் மதிலின் காவிப் பட்டைகள் வெளிறிப்போய், அதன் முன் நின்றவர்களின் முகங்களில் பச்சை தட்டியிருந்தது. நெடுந்தீவுப் படகுப் படங்களிலோ எல்லோரும் மஞ்சள் பூசிக் குளித்தவர்களைப் போல இருந்தார்கள். நிழல் விழுந்த இடமெல்லாம் ஒரே சேறு. “பிழை பிலிமிலா, கமராவிலா, என்னிலா? வீட்டிலேயே ஸ்கான் செய்வதானால் என்ன வாங்க வேண்டும்? என்னிடம் டிஜிற்றல் கமரா ஒன்று இருக்கிறது” என்று கேட்கிறார்.

பச்சையும் மஞ்சளும் ஸ்கானரின் வேலை. சேறு கமராவின் வேலை, அதில் உங்களுக்கும் சிறு பங்கு உண்டு. பிலிம் பெரும்பாலும் நிரபராதி. இதை உறுதிசெய்ய உங்களுக்கு வேண்டியது மின்னஞ்சலில் வந்த படங்கள் அல்ல, நெகற்றிவ் எனப்படும் கழுவிய பிலிம்தான். அது இன்னும் கொழும்பில் கிடக்குமானால் இன்றே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் ஸ்கான் படங்களை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று எண்ணி நெகற்றிவைச் சில மாதங்களில் வீசிவிடும் இடங்களும் இருக்கின்றன.

நெகற்றிவ் கைக்கு வந்ததும், கைத்தொலைபேசியின் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் சற்று உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். முதலில் படத்தைப் பார்க்க வேண்டாம். துளைகளை ஒட்டிய ஓரத்தில் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை என்பதால் நீங்கள் கமராவில் என்ன செய்தாலும் மாறமாட்டா. கழுவும் திரவம் மட்டுமே அவற்றை மாற்றும். எழுத்துகள் கறுத்துத் தெளிவாக இருக்க, படங்கள் மட்டும் மெலிந்து கண்ணாடி போல இருந்தால் கமராவுக்குள் போதிய வெளிச்சம் போகவில்லை என்று பொருள். எழுத்துகளும் சேர்ந்து மங்கியிருந்தால் கழுவியதில் பிழை. கலர் நெகற்றிவைக் கழுவும் சி-41 முறை 1972 முதல் ஒரே ஒழுங்கில் நடப்பது: படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவம் 37.8 பாகை செல்சியஸில் 3 நிமிடம் 15 செக்கன். திரவம் பழசானாலோ வெப்பநிலை பிசகினாலோ அது முதலில் அந்த ஓர எழுத்துகளில்தான் தெரியும். எழுத்துகள் நன்றாக இருந்து படங்களே இல்லையென்றால், பிலிம் கமராவுக்குள் நகரவேயில்லை. பழைய கமராக்காரர் எல்லோருக்கும் ஒருமுறையாவது அது நடந்திருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது நிறத்துக்கு வருவோம். ஒரே சுருளில், ஏறத்தாழ ஒரே வெயிலில் எடுத்த படங்கள் ஒன்று பச்சையாகவும் ஒன்று மஞ்சளாகவும் வருவதற்குப் பிலிம் காரணமாக இருக்க முடியாது. பிலிம் கெட்டிருந்தால் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகவே சாய்ந்திருக்கும். ஸ்கானரின் தானியங்கி முறை, உலகிலுள்ள எந்தக் காட்சியையும் கலந்து பார்த்தால் சாம்பல் நிறமே வரும் என்ற எண்ணத்தில் இயங்குகிறது. சந்தையில் எடுத்த படத்துக்கு அந்தக் கணக்குச் சரியாக வரும். ஆனால் நல்லூர் மதிலின் காவி படச்சட்டத்தில் முக்கால்வாசியை நிரப்பியிருந்தால், ‘சிவப்பு கூடிவிட்டது’ என்று அது முடிவுகட்டி, எதிர் நிறமான நீலப்பச்சையைப் படம் முழுவதிலும் ஏற்றிவிடும். மதில் வெளிறும், முகம் பச்சையாகும். கடலும் வானும் நிறைந்த படகுப் படத்தில் நீலம் கூடியதாக எண்ணி மஞ்சளை ஏற்றும். பிறின்ற் போடும் இயந்திரங்கள் வந்த காலத்திலிருந்தே உள்ள குறை இது. இயந்திரத்தின் அருகே அனுபவமுள்ள ஒருவர் இருந்து விசையால் திருத்தினால் படம் பிழைக்கும். யாரும் இல்லையென்றால் நீங்கள் பெற்றதுதான் கிடைக்கும். ஆகவே அடுத்த முறை கொடுக்கும்போது, ஸ்கானில் தானியங்கி நிறத்திருத்தம் வேண்டாம், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்குக்குப் பதிலாக விவரம் இழக்காத டிஃப் கோப்பாகத் தாருங்கள் என்று எழுதியே கொடுங்கள்.

நெகற்றிவ் முழுவதும் செம்மஞ்சளாக இருப்பதைப் பார்த்து அதுவும் பழுதோ என்று பலர் கேட்பதுண்டு. அது வேண்டுமென்றே வைத்தது. பிலிமின் மஜந்தா (ஊதாச்சிவப்பு), சியான் (நீலப்பச்சை) சாயங்கள் தூய்மையானவை அல்ல. தாம் தடுக்கக்கூடாத ஒளியையும் சிறிது தடுக்கும். அந்தக் குறையை ஈடுசெய்வதற்காகவே அந்தச் செம்மஞ்சள் படலம் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்கான் செய்பவர் முதலில் கழிக்க வேண்டியது அதைத்தான். எவ்வளவு கழிப்பது என்பது பிலிமுக்குப் பிலிம் வேறுபடும்.

சேற்றுக்குக் காரணம் இரண்டு என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துக் கமராக்கள் பலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி 1.35 வோல்ற் பாதரசப் பற்றறிக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பற்றறி இப்போது விற்பனையில் இல்லை; கடைகளில் அதே அளவில் கிடைப்பது 1.5 வோல்ற். மின்னழுத்தம் கூடினால் பல கமராக்களில் ஒளிமானி வெளிச்சம் அதிகம் என்று பொய் சொல்லும். அதை நம்பி நீங்கள் ஒளியைக் குறைப்பீர்கள். காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 இலக்கச் சின்னப் பற்றறி 1.4 வோல்ற் தருவதால் அதற்கு மாற்றாக நன்றாகவே உதவும். ஸ்ரிக்கரை உரித்ததும் அது வேலை செய்யத் தொடங்கி, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் சில கிழமைகளில் தீர்ந்துவிடும். விட்டம் சற்றுச் சிறிது என்பதால், அசையாதபடி சுற்றிவர ஒரு இறப்பர் வளையம் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் வேட்டி. தேரன்று சட்டம் நிறைய வெள்ளை வேட்டிகளும் வெளிறிய வானமும் இருக்கும்போது, ஒளிமானி அவற்றையும் சாம்பலாக்கவே பார்க்கும்; அதனால் ஒளி இன்னும் குறையும். கலர் நெகற்றிவ் ஒளி இரண்டு மூன்று படி (ஒரு படி என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரு படி குறைந்தால்கூட நிழலைச் சேறாக்கிவிடும். டிஜிற்றலில் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். எனவே 200 பிலிமைப் போட்டாலும் கமராவின் ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்திறன்) வளையத்தை 100 இல் வையுங்கள். அளக்கும்போது நிழல் விழுந்த பக்கத்தை அளந்துவிட்டுப் பிறகு சட்டத்தை அமையுங்கள்.

ஒளிமானி உண்மை பேசுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. முகில் இல்லாத நண்பகலில் 200 பிலிமுக்குச் செக்கனில் 250இல் ஒரு பங்கு வேகமும் எஃப் 16 அப்பர்ச்சரும் (லென்ஸின் துவாரம்; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) சரியாக இருக்கும். ஐஎஸ்ஓவை 200 இல் வைத்து, வெயில் படும் செம்மண் தோட்டத்தை நோக்கிப் பிடியுங்கள். ஒளிமானி அதற்கு அருகில் எதையாவது காட்டினால் நம்பலாம், எஃப் 22ஐயும் தாண்டினால் பொய். பொருளாதாரத் தடையில் பற்றறியே யாழ்ப்பாணத்துக்குள் வரமுடியாதிருந்த தொண்ணூறுகளில் நாங்கள் படமெடுக்கப் பழகியது இந்தக் கணக்கை வைத்துத்தான். வெயிலுக்கு 16, மெல்லிய முகிலுக்கு 11, மரநிழலுக்கு 5.6 என்று வாய்ப்பாடாகப் பாடமாக்கியிருந்தோம். பற்றறி இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்குகிற இயந்திரக் கமராக்களின் அருமை அப்போது விளங்கியது.

கமராவின் பின்கதவைத் திறந்து விளிம்புப் பள்ளங்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெளிச்சம் புகாமல் அடைக்கும் கறுப்பு நுரை பிசின் போல ஒட்டினால் அதை மாற்ற வேண்டும். இல்லையெனில் படங்களில் செம்மஞ்சள் கீறுகள் விழும்.

இனி ஸ்கானர். 35 மில்லிமீற்றர் சட்டம் 24க்கு 36 மில்லிமீற்றர். அதிலிருந்து 8க்கு 12 அங்குலப் பிறின்ற் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுக்க, நெகற்றிவை அங்குலத்துக்கு ஏறத்தாழ 2540 உண்மையான புள்ளியில் ஸ்கான் செய்ய வேண்டும். ‘உண்மையான’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். எப்சன் வி600 போன்ற தட்டை ஸ்கானரின் பெட்டியில் 6400 என்று இருக்கும். அது பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இல்லை. ஒரே தடவையில் 12 சட்டங்களை வைக்கலாம் என்ற வசதிக்காகவும், பழைய குடும்ப அல்பங்களை ஸ்கான் செய்வதற்காகவும் அதை வாங்கலாம். பிளஸ்ரெக் 8200i போன்ற, பிலிமுக்கென்றே செய்த ஸ்கானர் அதைவிடக் கூர்மையானது, ஆனால் ஒவ்வொரு சட்டமாகக் கையால் தள்ள வேண்டும். இரண்டிலும் உள்ள ஒரு வசதியை நான் மதிக்கிறேன்: அகச்சிவப்பு ஒளியால் தூசை அடையாளம் கண்டு நீக்குவது. கலர் பிலிமின் சாயத்தை அகச்சிவப்பு ஊடுருவும், தூசை ஊடுருவாது. வெள்ளித்துகள் உள்ள வழமையான கறுப்பு வெள்ளைப் பிலிமில் இது பலிக்காது.

ஆனாலும் உங்களிடம் டிஜிற்றல் கமரா இருப்பதால் ஸ்கானர் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 24 மெகாபிக்சல் கமரா ஒன்றால் சட்டத்தை நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்கு 4200 புள்ளிக்கு மேல் கிடைக்கும். இதற்கு மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மக்றோ லென்ஸ் ஒன்று, நெகற்றிவை மடங்காமல் பிடிக்கும் பிடி ஒன்று, நல்ல வெள்ளை எல்ஈடி பலகை ஒன்று போதும். பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் அந்த விளக்குப் பலகை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்காட்டு எண் (சிஆர்ஐ) 95க்குக் குறையாததாகப் பாருங்கள். பிள்ளைகள் படம் கீறப் பாவிக்கும் மலிவான பலகையில் சில நிறங்கள் ஒளியிலேயே இருக்கமாட்டா; பிறகு மென்பொருளில் எதைத் தேடினாலும் கிடைக்காது.

கமராவைத் தாங்கியில் கீழ்நோக்கிப் பொருத்தி, நெகற்றிவ் இருக்கும் இடத்தில் சிறிய முகக்கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் விம்பம் திரையின் நட்டநடுவில் தெரியும்வரை கமராவைச் சரித்துத் திருத்தினால் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கின்றன என்று பொருள். அதைச் செய்யாமல் ஒரு மூலை மட்டும் மங்கலாக வருகிறது என்று லென்ஸைக் குறைசொல்பவர்கள் பலர். அறை விளக்கை அணைத்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு (கமரா திருத்தாத மூலப் பதிவு), இரண்டு செக்கன் தாமதம் என்று வைத்து, வேகத்தையும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையையும் கையால் பூட்டிவிடுங்கள். முழுச் சுருளையும் அதே அமைப்பில் எடுக்க வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் கமராவைத் தீர்மானிக்க விட்டால், கொழும்பில் நடந்த அதே கூத்து உங்கள் மேசையிலும் நடக்கும்.

நெகற்றிவை நேர்ப்படமாக்க, இலவச மென்பொருளான டார்க்ரேபிளில் 2020 முதல் நெகாடொக்டர் என்ற கருவி இருக்கிறது. முதலில் பிலிமின் வெற்று நிறத்தைக் காட்டச் சொல்லும். அதற்கு இரண்டு சட்டங்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய செம்மஞ்சள் இடைவெளியைக் காட்டுங்கள். சுருளின் தொடக்க நாக்கைக் காட்டாதீர்கள், அது வெளிச்சம் பட்டுக் கறுத்தது. அந்த அளவை ஒரு படத்தில் எடுத்து முழுச் சுருளுக்கும் ஒட்டிவிட்டால், மதிலும் கடலும் தத்தம் நிறத்துக்குத் தாமாகவே நெருங்கி வரும். எஞ்சும் சாய்வைச் சாம்பலோ வெள்ளையோ ஆன பொருளைக் காட்டித் திருத்தலாம். நெடுந்தீவுப் படங்களுக்கு அங்குள்ள முருகைக்கல் வேலி மிகப் பொருத்தம். நல்லூர்ப் படங்களில் வேட்டியைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நானும் காட்டினேன், முகங்களெல்லாம் சூடேறி மஞ்சளாயின. பிறகுதான் உறைத்தது, அந்த வேட்டி நீலம் போட்டுத் தோய்த்தது. திருநீறு பூசிய நெற்றியும் தோல் நிறத்தோடு கலந்தே தெரியும். தார் வீதியோ சீமெந்துக் கட்டோ இருந்தால் அதைக் காட்டுவது பாதுகாப்பானது.

வருங்காலத்தில் நீங்களே கழுவ விரும்பினால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை நெகற்றிவிலும் படியும். கடைசித் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீரிலேயே கலக்க வேண்டும்.

பாவிக்காத சுருள்களைக் குளிர்சாதனப் பெட்டியில் காற்றுப்புகாத டப்பாவுக்குள் வையுங்கள். வெளியே எடுத்தபின் இரண்டு மணித்தியாலம் மூடியபடியே விடாவிட்டால் நம் ஈரக்காற்று பிலிமில் வேர்த்துவிடும். எடுத்து முடித்த சுருளை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மறந்துவிடாதீர்கள். பலாலி வழியாகச் சென்னைக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவதானால் கைப்பையில் வைத்து, கையால் பரிசோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள்; பயணப்பொதிகளைப் பார்க்கும் கதிர்களும் புதிய சீரீ (முப்பரிமாண எக்ஸ்-கதிர்) ஸ்கானர்களும் கழுவாத பிலிமைப் பாழாக்கும். கழுவிய நெகற்றிவுக்கு அந்தப் பயம் இல்லை, பூஞ்சணப் பயம்தான்: ஆறு ஆறாக வெட்டி, பொலிப்புரொப்பிலீன் உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், பிவிசி உறை வேண்டாம்.

கொழும்பிலிருந்து சுருள் வந்ததும் மேலே சொன்னபடி மீண்டும் ஸ்கான் செய்யுங்கள். முகங்களின் பச்சையும் மஞ்சளும் போய்விடும். நிழலின் சேறு ஓரளவுதான் தெளியும். பிலிமில் பதியாததை எந்த ஸ்கானராலும் எடுக்க முடியாது என்பதால், அதற்கு 675 பற்றறியோடு அடுத்த தேர்வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும்.